அத்தான் பெண் பார்த்த காரீயச் சுரங்கம்

முப்பத்தொரு வருடம் நான் கல்லை உடைத்துச் சம்பளம் வாங்கினேன். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் புவிச்சரிதவியலாளர் வேலை. நிலத்துக்கு அடியில் என்ன கிடக்கிறது, அதைத் தோண்டி எடுத்தால் செலவு போக ஏதாவது மிஞ்சுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதை ஒரு வேலை என்று யாரும் மதித்ததாக எனக்குத் தெரியவில்லை. கலியாண வீடுகளில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "கவுண்மேந்தில இருக்கிறா" என்று சொல்லிவிட்டு, என்ன வேலை என்று அவர்கள் கேட்பதற்கு முன் பேச்சைச் சாப்பாட்டுப் பக்கம் திருப்பிவிடுவார்கள். டொக்டர் என்றால் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்லலாம். எக்கவுண்டன்ட் என்றால் வரியைப் பற்றிக் கேட்கலாம். கல்லுப் பார்க்கிறவளிடம் என்னத்தைக் கேட்பது? யாரும் எதையும் கேட்காமலே நான் ஓய்வு பெற்றேன்.

ஆகவே சென்ற வருடம் ஒரு நாள் காலை, வெள்ளவத்தையில் என் பிளாட்டுக்கு அக்கா போன் எடுத்து, "எடி, நீ கல்லுப் படிச்சனி எல்லே?" என்று கேட்டபோது எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஓம். ஏன் கேக்கிறாய்?"

"அத்தான் இந்த வீட்டை வித்துப்போட்டு அந்தக் காசை ஒரு சுரங்கத்தில போடப் போறாராம்."

சந்தோசம் அத்தோடு போயிற்று. கொட்டாஞ்சேனையில் இருக்கும் அந்த வீடு அப்பா அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. இரண்டு அறை, ஒரு ஹோல், பக்கவாட்டில் திரும்பி நடந்தால் மட்டும் போகக்கூடிய ஒரு நடை. உறுதிப் பத்திரம் அக்காவின் பேரில் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அந்த வீட்டை எடுத்துவிட்டால் அக்காவுக்குச் சொந்தம் என்று சொல்ல இரண்டு சோடிக் காப்பும் ஒரு பிரிஜ்ஜும்தான் மிஞ்சும். வீட்டை வாங்க ஆள் தயார், பக்கத்து மொத்த வியாபாரிக்குக் களஞ்சியம் தேவையாம். இவர்கள் வத்தளையில் யாரோ வீட்டோடு ஒட்டிய ஒரு அனெக்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, சுரங்கம் காய்க்கும் வரை காத்திருப்பதாம்.

அன்று பின்னேரமே ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மருதானையில் ஓர் இரும்புக்கடையில் நாற்பது வருடம் மனேஜராக இருந்தவர். ஒரு கிலோ ஆணியில் எத்தனை ஆணி வளைந்திருக்கும் என்று தூக்கிப் பார்த்தே சொல்லுவார். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு மகன் வாங்கிக் கொடுத்த பெரிய போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார், அதில் வந்தது வினை. உலகம் முழுவதும் பெற்றோல் கார் ஒழிந்து பற்றரிக் கார் வரப்போகிறது, பற்றரிக்குக் காரீயம் வேண்டும், காரீயம் இலங்கையில் இருக்கிறது, ஆகவே தான் பணக்காரனாக வேண்டும். இதில் கடைசிப் படியைத் தவிர மற்ற எல்லாம் உண்மை என்பதால் அவரோடு வாதாடுவது கஷ்டம்.

காரீயம் என்று நாங்கள் சொல்வது பென்சிலுக்குள் இருக்கிற கறுப்பு, கிராபைட். அதில் ஒரு கட்டி அக்காவின் ஷோகேசுக்குள், பேத்தியின் படத்துக்குப் பக்கத்தில், சின்ன வெள்ளித் தட்டத்தில் பட்டுத்துணி விரித்து வைக்கப்பட்டிருந்தது. முன்னர் அந்தத் தட்டத்தில் விபூதி இருந்தது.

"தொட்டுப் பாரும்," என்றார் அத்தான்.

தொட்டேன். வழுவழுவென்று, மினுமினுவென்று, விரலில் எண்ணெய் போல ஒட்டுகிற கறுப்பு. பொய் சொல்ல முடியாது, அருமையான சரக்கு. அதைச் சொன்னதும் அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். நான் எதிர்க்கட்சியில் இருந்து வந்து மேடையில் ஏறிவிட்டேன் என்பது போல அவருக்கு முகம் மலர்ந்தது.

"நல்ல கல்லுத்தான் அத்தான். ஆனா இது கல்லு. சுரங்கம் எங்க?"

"சுரங்கம் கேகாலைக்கு அங்கால. ரப்பர்த் தோட்டத்துக்குள்ள."

"நான் இடத்தைக் கேக்கேல்ல. நீங்கள் மாக்கற்றில தக்காளி வாங்கேக்க, மேல அடுக்கி வச்சிருக்கிறதைப் பாத்து வாங்குவீங்களோ, கூடையைக் கவிட்டுப் பாத்து வாங்குவீங்களோ?"

"கவிட்டு."

"அப்ப இந்தக் கூடையை ஆர் கவிட்டது?"

அதற்கு அத்தான் பதில் சொல்லும் முன் தரகர் வந்து சேர்ந்தார். இந்தத் தரகர் எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் பேசுகிறவர். எழுபதைத் தாண்டியவர். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இளம் ஆட்கள் எல்லோரும் விமானம் ஏறிவிட, மாப்பிள்ளையும் பெண்ணும் போனிலேயே பேசி முடிக்க, அவருக்குத் தொழில் படுத்துவிட்டது. அதனால் இப்போது காணி, பங்கு, சுரங்கம் எல்லாம் பேசுகிறார். பிளாஸ்டிக் பைல் மட்டும் பழையதே. அவர் அதைத் திறந்தபோது சுரங்கத்தின் கடதாசிகளுக்கு நடுவே ஒரு எஞ்சினியர் மாப்பிள்ளையின் சாதகம் எட்டிப் பார்த்தது.

"நல்ல இடம் மிஸ்," என்றார் என்னிடம். "ஒரே உரிமையாளர், பங்காளிச் சண்டை இல்லை. பழைய காலத்துச் சுரங்கம், பேர் எடுத்த இடம். இப்ப வேற ரெண்டு பகுதியும் கேட்டுக்கொண்டு நிக்கினம்."

இதே மனிதர் இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் எனக்கும் ஒரு பகுதி, அதாவது ஒரு மாப்பிள்ளை வீடு, கொண்டுவந்தவர். இதே ஹோலில்தான் என்னைப் பெண் பார்த்தார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம், பலகாரம் கடிக்கலாம், ஆனால் சோற்றில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். கை நனைத்த பிறகு பின்வாங்குவது மரியாதையில்லை. அன்று அக்கா காலையிலிருந்து சமைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றரை மணித்தியாலம் இருந்துவிட்டுத் தேத்தண்ணியோடு எழும்பிப் போனார்கள். சோறு அடுப்படியில் ஆறிப்போனது. ஜீப்பில் ஆம்பிளைகளோடு காடு மேடாகத் திரிகிறவள் என்று பயந்து ஓடியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்தேன். அதற்குப் பிறகு யார் எந்தப் பகுதியைக் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு தரம் அவமானப்பட்டது போதும் என்றிருந்தது. தரகர் அதை மறந்துவிட்டார் போலிருந்தது. நான் மறக்கவில்லை.

"விசாரிச்சுப் பாத்தீங்களோ?" என்று அத்தானைக் கேட்டேன்.

"விசாரிக்காமலோ? மூண்டு கிழமை விசாரிச்சனான்." அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுரங்கக்காரர் உங்கட வெள்ளவத்தையிலதான் இருக்கிறார், கடல் பாத்த பிளாட். தகப்பன் ஸ்டேசன் மாஸ்டராம். மனுசி நல்ல இடம், எங்கட ஊருக்குப் பக்கத்து ஊர். குடி, சிகரெட் ஒண்டும் இல்லை. கோயிலுக்கு ஒரு திருவிழா செய்யிறவர். ரொறன்ரோவில அவற்ற மச்சானுக்குத் தெரிஞ்ச ஆக்களிட்டயும் கேட்டுப் பாத்தனான். ஒரு குறையும் சொல்லேல்ல."

"நிலத்தைப் பற்றி விசாரிச்சீங்களோ?"

"நிலமோ? அது எங்க போகுது, அங்கதானே கிடக்கு."

இதுதான் எங்கள் ஆட்கள். கலியாணத்துக்கு விசாரிக்கிற மாதிரியே சுரங்கத்துக்கும் விசாரிக்கிறார்கள். ஆள் ஆர், ஊர் எது, ஆற்ற பிள்ளை. மூன்று நாட்டுக்குப் போன் எடுத்து ஒரு மனிதரின் மூன்று தலைமுறையைத் தோண்டி எடுத்துவிட்டார் அத்தான். கேகாலையில் மூன்று அடி தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நான் அன்று பொறுமையாகத்தான் சொன்னேன். என் பொறுமை எனக்கே ஆச்சரியம். நிலத்துக்குள் ஒரு பொருள் இருக்கிறது என்பது ஒரு சங்கதி. அதை எடுக்க முடியும் என்பது இன்னொரு சங்கதி. எடுத்து விற்றால் காசு மிஞ்சும் என்பது மூன்றாவது சங்கதி. இந்த நாட்டில் முதலாவது சங்கதியைக் காட்டி மூன்றாவதுக்குக் காசு வாங்குகிற ஆட்கள் நிறையப் பேர். காரீயம் பாறை வெடிப்புக்குள் ஒரு கீற்றாக ஓடும். ஓரிடத்தில் முழு அகலத்துக்குக் கிடக்கும், பத்தடி கீழே போனால் கடதாசி மாதிரி மெலிந்துவிடும், பிறகு திரும்பவும் தடிக்கலாம், தடிக்காமலும் போகலாம். எவ்வளவு தூரம் ஓடுகிறது, எவ்வளவு தடிப்பு என்று அறிய வேண்டுமானால் இடைவெளி விட்டுத் துளை போட்டு, வந்த கல்லை எல்லாம் சோதிக்க வேண்டும். நல்ல துண்டை மட்டும் கொண்டுபோய்ச் சோதித்தால் நல்ல துண்டு நல்ல துண்டு என்றுதான் முடிவு வரும். தரகரின் பைலில் இருந்த சோதனை அறிக்கை அப்படிப்பட்டது. ஷோகேசுக்குள் இருந்த கட்டி எவ்வளவு சுத்தம் என்று அழகாகச் சொல்லியது. அதைப் போல இன்னும் எத்தனை கட்டி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

பிறகு எஞ்சியதை அத்தானுக்கு ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். எத்தனை துளை போட்டார்கள், அறிக்கை எங்கே. சுரங்கத்துக்குள் தண்ணீர் எவ்வளவு ஊறுகிறது, இறைக்கிற டீசல் செலவு யாருடையது. லொறி போக வழி இருக்கிறதா, அந்த வழி யாருடைய காணிக்குள்ளால் போகிறது. கையில் இருக்கிற அனுமதிப்பத்திரம் தேடிப் பார்ப்பதற்கா, தோண்டி எடுப்பதற்கா. வாங்கப் போகிறவர் யார், விலை விழுந்தால் எந்த விலை வரை தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய காலத்தில் பேர் எடுத்த சுரங்கம் என்றால் அந்தப் பழைய ஆட்கள் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்?

அத்தான் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"சோதினைப் பேப்பர் மாதிரிக் கிடக்கு," என்றார். "ஒரு பெரிய மனுசனிட்ட இதெல்லாம் எப்பிடிக் கேக்கிறது? எங்களை நம்பேல்லையோ எண்டு நினைக்க மாட்டாரோ?"

அந்தக் கடதாசியை மடித்துப் பட்டுத்துணிக்கு அடியில் வைத்தார். அதற்கு மேல் கட்டியை வைத்தார். நான் வெளிக்கிடும்போது அக்கா வாசல்வரை வந்தாள். நடைச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இந்த வயதில் அவள் வாடகை வீட்டுக்காரிக்குப் பயந்து சுவரில் ஆணி அடிக்காமல் இருக்கப் போகிறாள் என்று நினைத்துப் பார்க்கவே ஆத்திரம் வந்தது.

அடுத்த புதன்கிழமை சுரங்கம் பார்க்கப் போனோம். தட்டத்தில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு போகாததுதான் குறை. வான் பிடித்தார்கள். அத்தான் வெள்ளை லோங்ஸ் காற்சட்டை, அக்கா பட்டுச் சேலை, தரகர் புதுச் சந்தனப்பொட்டு. ராகுகாலத்துக்கு முன் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எதையும் தொடங்கக் கூடாது, ஒன்றரைக்குப் பிறகு சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு கையெழுத்து. அத்தான் கலண்டரைப் பார்த்து வகுத்த நிகழ்ச்சிநிரல் இது. வீட்டை விற்று வரும் காசைப் பங்காகப் போடுகிறோம் என்ற ஒப்பந்தத்தைத் தரகர் பைலில் கொண்டுவந்தார். கையெழுத்து வைக்க வேண்டியவள் அக்கா. நான் பழைய சப்பாத்தும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். சுத்தியலைப் பார்த்ததும் அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"உதை வானுக்குள்ளயே வச்சிட்டு வாரும். பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்."

சுரங்கக்காரர் எங்களை ரோட்டிலேயே வந்து வரவேற்றார். இவரைக் கள்ளர் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் கள்ளர் இல்லை, அதுதான் ஆபத்து. தன் காசையும் அந்தச் சுரங்கத்துக்குள்தான் போட்டிருந்தார். ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்துபோகும்போது, "இதுக்குக் கீழ முழுக்கக் காரீயம்," என்று தரையைக் காட்டியபோது அவருக்குக் கண் கலங்கியது. நம்புகிறவர் காட்டினால் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். அத்தான் காலை மெதுவாக எடுத்து வைத்து நடந்தார்.

சுரங்கம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு, ஆழமான குழி. எட்டிப் பார்த்தால் பச்சைத் தண்ணீர், அதில் ஒரு ரப்பர்ச் செருப்பு மிதந்தது. பக்கத்தில் பம்ப் ஒன்று சாக்கால் மூடிக் கிடந்தது. மற்றவர்கள் கூரையின் கீழ் நின்று படம் எடுக்க, நான் காவல்காரரிடம் போனேன். ஐம்பது வயது இருக்கும், சிங்களவர், கடைசியாகத் தோண்டியபோது உள்ளே இறங்கி வேலை செய்தவர். ஏன் நிறுத்தினார்கள் என்று சிங்களத்தில் கேட்டேன்.

"வத்துர தமாய், நோனா," என்றார். தண்ணீர்தான். ஏழு நாள் இரவு பகலாக இறைத்தால் இரண்டு நாள் இறங்கி வேலை செய்யலாமாம். மழை என்றால் அதுவும் இல்லையாம். கீற்று எவ்வளவு தடிப்பு என்று கேட்டேன். மேலே இருந்தபோது என்று சொல்லி ஒரு சாண் விரித்துக் காட்டினார். கீழே போகப் போக என்று சொல்லிச் சாணைச் சுருக்கி, சுருக்கி, இரண்டு விரலில் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குக் கீழே? கையை விரித்தார். அதற்குக் கீழே போனவர் இல்லை.

முப்பத்தொரு வருடத்தில் நான் வாசித்த எத்தனையோ அறிக்கைகளை விட அந்தக் கை நேர்மையாக இருந்தது. சுரங்கக்காரரிடம் அனுமதிப்பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். தேடிப் பார்ப்பதற்கானது. தோண்டி எடுப்பதற்கானது இன்னும் வரவில்லை, வரும் என்றார். துளை? "ஏன் மிஸ் துளை, கண்ணுக்கு முன்னால கிடங்கே இருக்கு," என்றார். உண்மையிலேயே அவர் அப்படி நம்பினார்.

அத்தானை ஒரு ரப்பர் மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே காரீயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம். நிறையவும் இருக்கலாம். இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவே இவர்கள் இன்னும் நிறையச் செலவழிக்க வேண்டும், அந்தத் தெரியாத கிடங்குக்குள் அக்காவின் வீட்டைப் போடாதீர்கள் என்று சொன்னேன். இரண்டு விரலையும் காட்டினேன்.

"நீர் எதிலதான் குறை பிடிக்கேல்ல," என்றார் அத்தான். "மாப்பிள்ளைக்கு வழுக்கை எண்டு ஆரும் பகுதியை விடுவினமோ? எல்லாம் சரி வந்தா அதுகளும் சரி வரும்."

அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த முழுப் படிப்பையும் கொட்டித் தீர்த்துவிட்டேன். அது ஒரு ரப்பர் மரத்தைக் கூட அசைக்கவில்லை.

ராகுகாலம் முடிய ஒன்றரையானது. காலையில் ஐந்து மணிக்கு இரண்டு பிஸ்கட் தின்றதுதான், பிறகு மேடும் பள்ளமும் ஏறி இறங்கியிருந்தேன். தோட்டத்து வீட்டு விறாந்தையில் மேசை போட்டு, சுரங்கக்காரரின் மனைவி வெள்ளவத்தையிலிருந்து சமைத்து அனுப்பிய சாப்பாட்டைப் பரப்பினார்கள். சம்பாச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பிலாக்கொட்டை, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயாசம். ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் தரகரின் பைல், அதன்மேல் பேனை. எல்லாவற்றையும் இந்த மேசையில் வைத்துக் கடைசியாக ஒருமுறை உடைத்துப் பேசுவது என்றுதான் நான் உட்கார்ந்தேன். சத்தியமாக. ஆனால் பால்கறியின் வாசம் வந்தது. பேச்சைத் தொடங்கும் முன் ஒரு வாய் என்று நினைத்தேன். நான் நிமிர்ந்தபோது எனக்கு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தானும் சாப்பிட்டார். தரகர் எல்லோருக்கும் முன்பே தொடங்கிவிட்டார்.

அக்காவின் சாப்பாட்டுக் கோப்பை மட்டும் கவிழ்த்தபடி இருந்தது.

"நீங்கள் சாப்பிடேல்லையோ?" என்று சுரங்கக்காரர் கேட்டார்.

"எனக்கு இண்டைக்கு விரதம்," என்றாள் அக்கா.

அத்தானின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. அக்கா வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுவாள், கந்தசஷ்டி பிடிப்பாள். புதன்கிழமையில் அவளுக்கு எந்தச் சாமியோடும் ஒப்பந்தம் இல்லை. அது அத்தானுக்குத் தெரியும். அவளும் அத்தானை நேராகப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"மரக்கறிச் சாப்பாடு தானே அக்கா," என்றார் தரகர். அவர் முகம் மாறிவிட்டது, ஐம்பது வருடத் தொழில், அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஒரு கரண்டி பாயாசமாவது எடுங்கோ."

"பாயாசமும் ஏலாது."

"ஒரு மிடறு மோர்?"

"தண்ணி கொண்டு வந்தனான்," என்று சொல்லி, கைப்பையில் இருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள்.

வீட்டுக்குச் சொந்தக்காரி, கையெழுத்து வைக்க வேண்டியவள், கை நனைக்கவில்லை. தண்ணீர், துளை, அனுமதி, விலை, எதுவும் ஏறாத அத்தானின் தலையில் இது ஏறியது. அவர்தானே இதைச் சம்பந்தம் என்று எடுத்து, விசாரித்து, நேரம் பார்த்து, பட்டுச் சேலை உடுக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தவர். அந்த முறைப்படி பார்த்தால் பதில் வந்துவிட்டது. இதற்குப் பிறகு பைலைத் திறக்கச் சொல்வது மரியாதைக்குறைவு. அவர் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். கை கழுவினார். ஈரக் கையை நெடுநேரம் துடைத்தார். பிறகு சுரங்கக்காரரிடம், "யோசிச்சுச் சொல்லுறம்," என்றார்.

எங்கள் ஆட்களில் யார் அப்படிச் சொன்னாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். சுரங்கக்காரர் தலையை ஆட்டினார். தரகர் பேனையை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

திரும்பி வரும்போது அத்தானும் தரகரும் முன்னால் இருந்தார்கள். நானும் அக்காவும் பின்னால். அவள் வயிறு இரைந்தது எனக்கே கேட்டது.

"புதன்கிழமையில என்ன விரதம்?" என்று காதுக்குள் கேட்டேன்.

"ஒண்டுமில்லை. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்டுதான். உன்ர பேப்பரை நானும் எடுத்து வாசிச்சனான், அரைவாசி விளங்கேல்ல. விளங்கின அரைவாசியும் அவரிட்டச் சொல்லி வெல்ல ஏலாது." போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னாள். "முந்தியும் ஒருக்கா இப்பிடிச் செய்தனான்."

"எப்ப?"

"உன்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு."

வான் ஏதோ ஒரு வளைவில் திரும்பியது. நான் அவளையே பார்த்தேன்.

"அவையளுக்கு உன்னைப் பிடிச்சிருந்தது," என்றாள். "மாப்பிள்ளையின்ர தாய் அடுப்படிக்கு வந்து என்னட்டச் சொன்னவ, கலியாணம் முடிஞ்ச கையோட உந்தக் கல்லு வேலையை விட்டுப்போட வேணும் எண்டு. சாப்பிட்டிட்டு நாளைக் குறிப்பம் எண்டும் சொன்னவ. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. சோறு இன்னும் வேகேல்ல எண்டு சொல்லிப்போட்டன். அவை பாத்தினம், பாத்தினம், ஒண்டரை மணித்தியாலம். நான் பானையை மூடி வச்சுக்கொண்டு அடுப்படியிலயே நிண்டன். பிறகு கோவிச்சுக்கொண்டு போட்டினம்."

"உன்னை ஆர் கேட்டது?" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. தரகர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கடும் கோபம், இருபத்தெட்டு வருடத்துக் கோபம். அவர்கள் என்னை வேண்டாம் என்றார்கள் என்று நம்பியல்லவா நான் மற்ற எல்லாரையும் வேண்டாம் என்றேன். ஒரு துண்டை வைத்து முழுச் சுரங்கத்தையும் முடிவுகட்டக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், ஒரு பின்னேரத்தை வைத்து என்னை முடிவுகட்டியிருந்தேன். அந்தத் துண்டும் அக்கா மாற்றி வைத்த துண்டு.

"ஒருத்தரும் கேக்கேல்ல," என்றாள். "அந்த நேரம் நீ எங்கயோ காட்டில ஒரு கல்லுக் கண்டனி எண்டு மூண்டு நாளா அதையே கதைச்சுக்கொண்டு திரிஞ்சனி. சாப்பாட்டில கூடக் கவனமில்லை. அப்பிடி ஒரு சந்தோசத்தில உன்னை நான் அதுக்கு முந்திப் பாக்கேல்ல. அதை விடச் சொல்லி எப்பிடிச் சொல்லுறது?"

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் செய்தது சரியா பிழையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கலியாணமும் முடித்து வேலையையும் காப்பாற்றியிருப்பேனோ என்னவோ. அழுகை வந்தது, அவளுக்குத் தெரியாமல் அழுதேன் என்று நினைத்தேன். அவள் தன் சேலைத் தலைப்பை என் மடியில் போட்டாள். அதில் மூக்கைத் துடைத்தேன், பட்டுச் சேலை என்பதைக் கவனித்துக்கொண்டே துடைத்தேன்.

கடவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வானை நிறுத்தினார்கள். தரகர் இறங்காமல் தலையை யன்னலில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மேசைக்கு றோல்ஸும் பருப்பு வடையும் வந்தன. அக்கா ஒரு றோல்ஸ் சாப்பிட்டாள், வேகமாக. இன்னொன்றை எடுத்தாள். உள்ளே மீன் இருந்தது.

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரதம் எண்டு சொன்னீர்?"

"முடிஞ்சுது," என்றாள் அக்கா.

அத்தான் தேத்தண்ணியை ஆற்றினார். பிறகு தட்டத்தில் இருந்த வடையில் பெரியதாகப் பார்த்து எடுத்து அவள் கோப்பையில் வைத்தார். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, ஆனாலும் என் வடையையும் எடுத்து அவளுக்கே வைத்தேன்.

அவள் வாயைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அது சரி, அண்டைக்கு மூண்டு நாளாக் கதைச்சாயே, அது என்ன கல்லு?"

அது இரத்தினபுரிப் பக்கம், ஓர் ஆற்றங்கரையில் கண்ட கல். ஒரு கையளவு இடத்தில்தான் இருந்தது, எடுத்து விற்றால் ஒரு நாள் கூலிக்கும் காணாது. நான் சொல்லத் தொடங்கினேன். அத்தான் இன்னொரு தேத்தண்ணிக்குச் சொன்னார்.